சறுக்குவதற்கு முன் ஒரு தோப்புக்கரணம்

லண்டனுக்குப் போய்ப் பனிச்சறுக்கு விளையாடிவிட்டு வந்தவன் என்று திருச்சியில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. யாராவது அப்படி அறிமுகப்படுத்தினால் நான் மறுப்பதில்லை, அடக்கமாகச் சிரித்துவைப்பேன். அச்சில் ஏறுவது வேறு விஷயம் என்பதால் இங்கே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பனிச்சறுக்குக்கு முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஒரு பயிற்சி செய்வார்களே, அதுவரைக்கும்தான் போனேன். அதிலும் முக்கால்வாசிதான். சறுக்குப் பலகை என் காலுக்கு வரவே இல்லை. என் கால் அதற்குள் வேறு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

போன காரியமும் வேறு. என் மகள் மீரா லண்டனில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கோலியர்ஸ் வுட்டில் தோழியோடு சேர்ந்து வீடு எடுத்திருந்தவளுக்கு, இரண்டு தெரு தள்ளியிருந்த யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனைப் பிடித்துப்போயிற்று. பெயர் சுதன். போனில் பேசிப் பேசி எங்களையும் ஒருவழியாகப் பிடிக்கவைத்துவிட்டாள். "அப்பா, நீங்க வந்து அவங்க வீட்ல முறையா பேசிட்டுப் போயிடுங்க" என்றாள். தை மாதம். என் மனைவி பள்ளி ஆசிரியை. பரீட்சைக் காலத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. எனவே கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டும் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிக்கொண்டும் இருக்கும் நான் மட்டும் கிளம்பினேன்.

விமான நிலையத்தில் மனைவி சொன்ன கடைசி வார்த்தைகள் இவை: "நீங்களா வாயைத் திறக்காதீங்க. நாம பொண்ணைப் பெத்தவங்க. பையன் வீட்லதான் பொண்ணு கேக்கணும். அவங்க கேட்டா சரின்னு சொல்லுங்க. நாமளா போய்க் கேட்டா, நாளைக்கு நம்ம பொண்ணுக்குத்தான் மரியாதை இருக்காது."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சிரமமான காரியம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பழகியதுதான்.

முதல் நாள் மாலையே சுதன் வீட்டில் விருந்து. அப்பா கணேசலிங்கம் குழாய் வேலைக்காரர். அதாவது, சொந்தமாக இரண்டு வேன்கள் வைத்து, தெற்கு லண்டனின் கொதிகலன்களை எல்லாம் பழுது பார்ப்பவர். அதற்கு முன் சுவிட்சர்லாந்தில் மலைமேல் இருந்த ஒரு ஹோட்டலின் சமையலறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். பையன் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். ஆனாலும் நான் வாத்தியார் என்பதால் "சேர்" என்றே அழைத்தார். நான் "சார்" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் சார் போட்டுக்கொண்டிருந்தது, ஏதோ அலுவலகத்தில் மாற்றல் கேட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தது.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. குளிருக்க வந்திருக்கிறியள்" என்று அவர் மனைவி மலர் இடியப்பம், நண்டுக் கறி, சொதி என்று பரப்பிவிட்டார். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்த, மஞ்சள் நிறமான, சாந்தமான ஒரு குழம்பு. அந்த நண்டின் காரத்துக்கு அது ஒன்றுதான் சமாதானம் சொல்ல முடியும். நான் தின்றேன். கணேசலிங்கம் தின்றார். திருச்சி வெயிலைப் பற்றிப் பேசினோம். டூட்டிங் கடைகளில் முருங்கைக்காய் விற்கும் அநியாய விலையைப் பற்றிப் பேசினோம். கொதிகலனில் அழுத்தம் குறைந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்ல, எங்கள் வீட்டில் கொதிகலனே கிடையாது என்பதை மறந்து நான் தலையாட்டினேன். பிறகு ஒரு மௌனம் வந்தது. அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன். இதோ கேட்கப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி குடிப்பமே?" என்றார்.

அந்தத் தேநீரின்போதுதான் அடுத்த விபரீதம் நடந்தது. மலையில் வேலை பார்த்தபோது ஹோட்டல் முதலாளி சமையல்காரர்களுக்கும் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்தாராம். அது கணேசலிங்கத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இப்போதும் மாசி மாதத்தில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பிரான்ஸ் பக்கத்து மலைக்குப் போகிறார். அதற்கு முன்னோட்டமாக லண்டன் ஓரத்துச் சறுக்கு மேடு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி.

"சேரும் இந்த ஞாயிறு வாங்கோவன். எக்சர்சைஸ் ஏதும் செய்வீங்களோ?"

சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் இல்லை என்று எப்படிச் சொல்வது? "யோகா" என்றேன். மீரா கூரையைப் பார்த்தாள். நான் செய்யும் ஒரே ஆசனம் சாப்பாட்டுக்குப் பின் செய்வது. அதில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், குறட்டை அனுமதி உண்டு.

"நல்லதாய்ப் போச்சு. எங்கட ஆக்களுக்கு இந்த வாமப்பின்ர அருமை விளங்காது சேர். தசை எண்டது குளிருக்க றப்பர் மாதிரி. சூடாக்காமல் இழுத்தால் படக்கெண்டு போயிடும். சுவிஸில எத்தினை பேரைப் பாத்திட்டன். காலமை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு நேர மலையில ஏறுவாங்கள். பின்னேரம் அவங்கட அறைக்கு நான் சூப் கொண்டு போவன்."

இந்த வாமப், அதாவது 'வார்ம்-அப்', பற்றி ஒரு வார்த்தை. பயிற்சிக்கு முன்னால் ஒரு பயிற்சி என்பது என் ஊர்க்காரர்களுக்குப் பிடிபடாத தத்துவம். எங்களுக்கு உடம்பு சூடாவது பஸ்ஸின் பின்னால் ஓடும்போது. ஏறி உட்கார்ந்ததும் ஆறிவிடும். மலை விஷயத்திலும் அப்படித்தான். உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க மலைக்கோட்டை ஏறுவோம், காபி குடிக்க இறங்குவோம். வழுக்கி விழுவதற்கென்றே மலை ஏறுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஐந்து திணை வகுத்தவர்கள் பனிக்கு என்று ஆறாவது ஒன்று வைக்கவில்லை. எங்களுக்குப் பனி என்றால் மார்கழியில் தலையில் இறங்கி ஜலதோஷம் பிடிக்க வைப்பது. அதற்கு மருந்து குரங்குக் குல்லா.

மறுநாள் புட்டும் கோழிக் கறியும். புன்னகை, மௌனம், தேத்தண்ணி. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் இலையில், இல்லை, தட்டில், பருப்பும் கத்தரிக்காயும் மட்டும் வந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. நண்டிலிருந்து கோழி, கோழியிலிருந்து பருப்பு. ஒரு சம்பந்தம் கண்ணெதிரே தேய்ந்துகொண்டு போவதைக் கறியை வைத்தே கணக்கிட்டுவிட்டேன். திரும்பி நடந்து வரும்போது மீராவிடம் சொன்னேன்.

"அவங்களுக்கு இஷ்டமில்ல போலம்மா. இன்னிக்கு ஒரு மீன்கூடப் போடல."

"அப்பா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

விமானத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேட ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். தொலைந்த கிழமைகளைத் தேடத்தான் ஒன்றும் இல்லை.

"சரி, கல்யாணம் பத்தி எப்பதான் பேசுவீங்க?" என்றாள் மீரா.

"அவங்க கேக்கணும்ல?"

"ஏன், நீங்க கேட்டா என்ன?"

"உங்கம்மா."

அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. குளிர் மட்டும் காரணமில்லை என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. "செவ்வாய்க்கிழமை ஃப்ளைட்ப்பா உங்களுக்கு. ஒண்ணுமே பேசாம போயிட்டீங்கன்னா, அவங்க அம்மா நம்ம வீட்ல யாருக்கும் இஷ்டமில்லன்னு முடிவு பண்ணிடுவாங்க. ஏற்கெனவே சுதன்கிட்ட, 'அந்த மனுசன் சாப்பிடத்தான் வந்தவரோ'ன்னு கேட்டிருக்காங்க."

அன்று இரவு எனக்குப் பசி, அவமானம், வாயு மூன்றும் ஒன்றாக இருந்தன.

சனிக்கிழமை கையுறை வாங்க அப்டன் பார்க்குக்குத் தனியாகப் போனேன். பாதாள ரயில் பாதையில் வார இறுதிப் பராமரிப்பு. பாதி வழியில் எல்லோரையும் இறக்கி, பதிலுக்குப் பேருந்தில் ஏற்றினார்கள். அதற்கு முன் நகரும் படிக்கட்டில் இடது பக்கம் நின்றுவிட்டேன். அந்த ஊரில் இடது பக்கம் அவசரக்காரர்களுக்கு. பின்னாலிருந்து ஒருவர், "மன்னிக்கவும்" என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன தொனியில் எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றுவார்கள். பேருந்தில் மாடியில் முன்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே நடந்தேன். அங்கே கிரீன் ஸ்ட்ரீட் கடைத்தெருவில் புடவை இருந்தது, பலாப்பழம் இருந்தது, குத்துவிளக்கு இருந்தது. பனிச்சறுக்குக் கையுறை இல்லை. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணை, இந்த வயசில உங்களுக்கென்னத்துக்கு உந்த விளையாட்டு?" என்று கேட்டு, கம்பளி உள்ளாடை ஒரு ஜோடி விற்றார்.

ஞாயிறு காலை. மேலே குரங்குக் குல்லா, அதற்குக் கீழே ஊரில் மச்சானிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர், உள்ளே கம்பளி உள்ளாடை, அதற்கும் உள்ளே மலர் காலையிலேயே வற்புறுத்திப் போட்ட பால் அப்பங்கள். எண்ணிக்கையை வெளியிட விருப்பமில்லை. மறுத்தால் சம்பந்தம் முறியும் என்று ஒவ்வொரு அப்பத்துக்கும் தலையாட்டினேன். வேனில் கணேசலிங்கமும் நானும் முன்னால். நண்பர்கள் எட்டு ஒன்பது பேர் பின்னால், குழாய்த் துண்டுகளோடும் ஏணியோடும். மீராவும் சுதனும் தனிக் காரில் வந்தார்கள்.

சறுக்கு மேட்டில் பனி இல்லை. ஒரு பொட்டல் மேட்டின்மேல் பிளாஸ்டிக் தூரிகைகளை நெருக்கமாக நட்டு வைத்திருந்தார்கள். ஒரு ராட்சத வீட்டு வாசலுக்கான கால்மிதி போல இருந்தது. ஏழு கடல் தாண்டி வந்து நான் சறுக்கப்போவது கால்மிதியில் என்று தெரிந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

கார் நிறுத்துமிடத்தில் எங்களை வட்டமாக நிற்க வைத்தாள் பயிற்சி கொடுப்பவள், சிவப்பு ஜாக்கெட் போட்ட ஆங்கிலப் பெண். முதலில் வேகமாக நடக்கச் சொன்னாள். பிறகு மெல்ல ஓட்டம். பிறகு தோளைச் சுழற்று, இடுப்பைத் திருப்பு, ஒரு காலைப் பெண்டுலம் போல முன்னும் பின்னும் ஆட்டு. "மெதுவாக. குதித்துக் குதித்து இழுக்காதீர்கள். தசையிடம் கெஞ்சிக் கேளுங்கள், மிரட்டாதீர்கள்" என்றாள். நான் கெஞ்சினேன். அப்பங்கள்தான் பதில் சொல்லின.

"சேர், வேர்க்குதோ?" என்றார் பக்கத்தில் இருந்த குகன். கிழக்கு லண்டன் பிளேஸ்டோக்காரர்; கூட்டத்தின் வாய் அவர்தான்.

"லேசா."

"எனக்கு இப்பவே வீட்ட போகவேணும் போல கிடக்கு."

அப்போதுதான் கணேசலிங்கம் அந்த அறிவிப்பைச் செய்தார். பெருமையோடு செய்தார் என்பதுதான் கொடுமை. "இவர் இந்தியாவில் இருந்து வந்த பேராசிரியர். தினமும் யோகா செய்கிறவர்" என்று ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் கையைக் கூப்பியே விட்டாள். "அற்புதம்! தொடைக்கும் முழங்காலுக்கும் ஏதாவது ஒன்று, நீங்களே நடத்துங்களேன்" என்று ஒதுங்கி நின்றாள்.

வட்டத்தின் நடுவில் நான். காப்பிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மீராவும் சுதனும் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஆசனங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். காலண்டரில் பார்த்த சூரிய நமஸ்காரத்தில் முதல் படம் மட்டும் ஞாபகம் வந்தது. அதில் ஒருவர் சும்மா நிற்கிறார். தொடை, முழங்கால்... தொடை, முழங்கால்... என் வாழ்நாளில் நான் முறையாகவும் இடைவிடாமலும் பயின்ற ஒரே பயிற்சி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பள்ளியில் வாத்தியார்கள் முன்னாலும், வீட்டில் அப்பா முன்னாலும், வயது வந்த பின் பிள்ளையார் முன்னாலும்.

குல்லாவின் மடிப்பைத் தூக்கிவிட்டேன். வலது கையால் இடது காதையும், இடது கையால் வலது காதையும் பிடித்தேன். உட்கார்ந்து எழுந்தேன்.

வட்டம் என்னையே பார்த்தது. பிறகு குகன் வெடித்தார். "சேர், உது யோகாவோ? தமிழ் வாத்தியார் எனக்குத் தந்த தண்டனையெல்லோ!"

"கதைக்காமல் செய்யடா" என்று கணேசலிங்கம் அதட்டிவிட்டு, காதைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களும் பிடித்தார்கள். "ஒண்டு... ரெண்டு..." வட்டம் எண்ண ஆரம்பித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வட்டம் ஒரே தாளத்தில் இறங்கி ஏறியதில் ஒரு அழகு இருந்தது. பயிற்சிக்காரப் பெண், "பிரமாதம், பனிச்சறுக்குக்கு வேண்டிய தசை முழுவதும் இதில் இருக்கிறது" என்று கத்தினாள். புகழ்ச்சியில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. வேகத்தைக் கூட்டினேன். கெஞ்சச் சொன்ன தசையை மிரட்டினேன்.

ஏழாவதோ எட்டாவதோ. கீழே போனேன். மேலே வரவில்லை.

தொடையின் பின்புறம் யாரோ கயிற்றைச் சுண்டியிழுத்து முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. அசைந்தால் உயிர் போகும். காதை விட்டால் நிலைகுலைந்து விழுவேன். எனவே காதைப் பிடித்தபடியே குந்தியிருந்தேன். வலியில் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது, வட்டம் முழுவதும் என்னைப் போலவே குந்தியிருந்தது. குரு இறங்கிய இடத்திலேயே நிலைத்துவிட்டார், இது உயர்ந்த கட்டம் போலும் என்று நினைத்துவிட்டார்கள். சிலர் கண்ணைக்கூட மூடியிருந்தார்கள். பயிற்சிக்காரப் பெண்ணும் முயன்றாள். குதிகால் தரையில் படியக் குந்துவது நாற்காலிக்குப் பழகிய உடம்புக்கு வராது. பின்பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்து, சிரித்துவிட்டாள். நாங்கள் ஆடாமல் அசையாமல் இருந்தோம். ஒரு மனிதர் நாயோடு கடந்து போனார். நாய் நின்று பார்த்தது.

கணேசலிங்கம் குந்தியபடியே என் பக்கம் நகர்ந்து வந்தார். "சேர்," என்று கிசுகிசுத்தார், "எவ்வளவு நேரம் இப்பிடி இருக்கவேணும்? மூச்சைப் பிடிக்கிறதோ, விடுறதோ?"

"எழுந்திருக்க முடியலைங்க" என்றேன். "பிடிச்சுக்கிச்சு."

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இருவரும் காதைப் பிடித்துக்கொண்டு, ஒரே உயரத்தில், முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரத்தில் குந்தியிருந்தோம். அவர் வீட்டுச் சோபாவில் வந்த மௌனம் அங்கேயும் வந்தது. ஆனால் அங்கே தேத்தண்ணி இல்லை.

"சேர், குறை நினைக்காதேங்கோ. ஒண்டு கேக்கட்டே?" என்றார். "மீராவை எங்களுக்கு நல்ல விருப்பம். மலருக்கு அவள் எண்டால் உயிர். நீங்கள் வந்த நாளில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறம். நீங்கள் ஒண்டுமே கேக்கேல்லை. உங்களுக்கு எங்களைப் பிடிக்கேல்லையோ?"

"நான் கேக்கணுமா? நீங்கதானே பொண்ணு கேக்கணும்!"

"நாங்களோ? எங்கட பக்கத்தில பொம்பிளைப் பகுதிதான் வந்து மாப்பிளை கேக்கிறது. மாப்பிளை வீட்டுக்காரர் தாங்களாய் வாயைத் திறந்தால் மரியாதை இல்லை எண்டு மலர் சொன்னவ."

"எங்க வீட்லயும் அதேதான் சொல்லி அனுப்பினா. எங்க பக்கத்துல பையன் வீட்லதான் கேட்டு வரணும்."

இரண்டு கரைக்கும் நடுவில் இருப்பது கைப்பிடி அளவு கடல். ஒரே மொழி, ஒரே பிள்ளையார், ஒரே தோப்புக்கரணம். இதை மட்டும் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். நண்டும் கோழியும் தின்றுவிட்டு, நான் அவர் வாயையும் அவர் என் வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை விமானம் அதை அப்படியே முடித்து வைத்திருக்கும்.

"அப்ப நீங்கள் கேளுங்கோ" என்றார்.

"நான் கேட்டா என் மனைவி வீட்டுக்குள்ள விட மாட்டா. நீங்க கேளுங்க."

"நான் கேட்டால் மலர் சாப்பாடு தரமாட்டாள்."

கிசுகிசுப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். குளிர்காலக் காலையில் கார் நிறுத்துமிடம் நன்றாக எதிரொலிக்கும். "கணேஸ் அண்ணை!" என்று குகன் அலறினார். "கலியாணப் பேச்செண்டால் எழும்பி நிண்டு கதையுங்கோவன்! எனக்குக் காலெல்லாம் விறைச்சுப் போச்சு!"

"பொறடா" என்றார் கணேசலிங்கம்.

"பொறுக்க ஏலாது. ரெண்டு பேரும் ஒண்டாய்க் கேளுங்கோ. நான் எண்ணுறன். ஒண்டு... ரெண்டு... மூண்டு!"

"உங்க பையனை எங்க பொண்ணுக்கு" என்று நானும், "உங்கட பிள்ளையை எங்கட பெடியனுக்கு" என்று அவரும் ஒரே மூச்சில் சொன்னோம். முடிக்கவேண்டிய வினைச்சொல் இருவருக்கும் வரவில்லை. எனக்கு வலியால் வரவில்லை. அவருக்கு ஏன் வரவில்லை என்று தெரியாது, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மீராவும் சுதனும் கடையிலிருந்து ஓடி வந்தார்கள். "அப்பா! எல்லாரும் காதைப் புடிச்சிக்கிட்டு என்ன பண்றீங்க?"

"பிள்ளை, உனக்குக் கலியாணம் பேசுறாங்கள்" என்றார் குகன், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

மீரா முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அவரை. பிறகு இருவர் கையும் இன்னும் காதிலேயே இருப்பதைப் பார்த்தாள். "விடாதீங்க. ரெண்டு பேரும் அப்படியே இருங்க" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் மேற்கொண்டு அவளால் திட்ட முடியவில்லை. சுதன் ஒரு பக்கமும் அவன் அப்பா ஒரு பக்கமும் பிடித்து என்னைத் தூக்கினார்கள். "மெதுவாய், சம்பந்தி, மெதுவாய்" என்றார் கணேசலிங்கம். சேர் போய்விட்டிருந்தது.

என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, தொடைக்குச் சூடு வைக்க ஏதோ ஒரு பையைக் கொடுத்து, கையில் சாக்லேட் பானத்தையும் கொடுத்துவிட்டு, எல்லோரும் மேட்டில் ஏறினார்கள். அங்கிருந்துதான் அந்த மனிதரைச் சரியாகப் பார்த்தேன். தரையில் அவர் தொப்பையும் கழுத்து வலியும் உள்ள ஒரு குழாய் வேலைக்காரர். மேட்டின் உச்சியில் முழங்காலை லேசாக மடக்கினார், சாய்ந்தார், அந்தக் கால்மிதியின்மேல் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, சத்தமே இல்லாமல் இறங்கி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து மீராவும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் இப்படி வருவார்னு நீ சொல்லவே இல்லையே" என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். அந்த வாரத்தில் நான் கேட்காமல் விட்டவற்றின் பட்டியல் நீளமானது என்று நினைத்துக்கொண்டேன்.

குகன் மூன்று முறை விழுந்தார். "வாமப் காணாது" என்று ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துக் கத்தினார்.

மாலையில் சம்பந்தி வீட்டிலிருந்து, டெலிபோன் கார்டைச் சுரண்டி, திருச்சிக்குப் பேசினேன். மனைவி கேட்ட முதல் கேள்வி: "யாரு முதல்ல கேட்டா?" என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது பற்றி அவளுக்கு இரண்டாவது கேள்வியில்தான் அக்கறை வந்தது. அதே நேரத்தில் சமையலறையில் மலர் கணவரிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. எனக்கு நண்டு வதங்கும் வாசனை வந்தது. "அவங்கதான்" என்று நான் போனில் சொன்னேன். "அவைதான்" என்று அங்கே கணேசலிங்கம் சொன்னார். இரண்டு வீட்டிலும் மரியாதை காப்பாற்றப்பட்டது. இந்தக் கட்டுரை அச்சாகும்வரை.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்கு வேனில் கொண்டுவந்து விட்டார் சம்பந்தி. இன்னும் நொண்டிக்கொண்டிருந்தேன். பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் வாசலில் நின்றோம். கட்டிப்பிடிக்கும் வழக்கம் இரண்டு பேருக்கும் இல்லை. கை குலுக்கினால் கொதிகலன் பழுதுபார்த்துவிட்டுப் போகிறவர் போல இருக்கும். மீரா எங்கேயோ பார்ப்பது போல நின்றாள். அவர் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். கைகளைக் குறுக்கே போட்டுக் காதைப் பிடித்து, அத்தனை பெட்டிகளுக்கும் அத்தனை தேசத்து ஜனங்களுக்கும் நடுவில், சுத்தமாக ஒரு தோப்புக்கரணம் போட்டு எழுந்தார்.

பதில் மரியாதை செய்யாமல் போக முடியுமா? நானும் காதைப் பிடித்தேன். பாதி தூரம் இறங்கியதும் தொடை எச்சரித்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

"மிச்சம் கல்யாணத்துல, சம்பந்தி" என்றேன்.

"ஓம், ஓம்" என்று கையைக் கொடுத்து என்னை நிமிர்த்திவிட்டார். "வரேக்க உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வாங்கோ."